கன்னத்தில் அடக்கிய மிட்டாய்

என் சின்னவளுக்கு,

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து தொட்டிலைக் கழற்றிய அன்றே உன் புருஷனை வீட்டைவிட்டு அனுப்பினாய். பஸ் கண்டக்டர், ஊர் நோயையெல்லாம் சுமந்துவந்து பிள்ளைக்குக் கொடுத்துவிட்டான் என்றாய். நானும் தலையாட்டினேன்.

அவன்மேல் எனக்கு ஆறாத கோபம். பேரனைப் பார்க்க வந்த என்னை வாசலிலேயே மறித்தான்.

"அத்தை, இருமல் இருந்தா சொல்லிடுங்க. பச்சப்புள்ள தாங்காது."

உன்னைப் பெற்ற என்னையே சோதிக்கிறானே என்று சுருக்கென்றது. "நான் கல்லு மாதிரி இருக்கேன். வழிய விடுங்க மாப்பிள்ளை" என்றேன்.

எனக்கு இரண்டு வாரமாக இருமல் இருந்தது. இருமல் மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் பேசினேன். அந்த வாயால்தான் பிள்ளைக்கு முத்தம் கொடுத்தேன்.

அதிலிருந்து பத்தாம் நாள் பிள்ளை இருமி இருமி நீலம் பாரித்தது. கக்குவான் இருமல் என்றார் டாக்டர். "வீட்ல யாருக்காவது இருமல் இருந்துச்சா?" என்று கேட்டார். நீ உன் புருஷனைப் பார்த்தாய். நான் சுவரைப் பார்த்தேன்.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள், கண்ணு. அன்றைக்கு அவர் மறித்தது சரிதான். இனி நான் வந்தால் நீயும் வாசலிலேயே மறித்துவிடு.

உன்னைப் பெற்றவள்