அறபு எழுத்துப் போட்ட விதை

மதினி,

நேற்று மகள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டோரமாக ஒரு பச்சை இலை இருந்தது. கடித்ததும் மூக்கில் ஏறியது. கடுகா மிளகா என்று தீர்மானிக்க முடியாத அதே காரம். "இதுக்குப் பேர் தெரியுமா உம்மா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். அந்தப் பெயருக்காக நாம் இருவரும் பட்ட பாடு அவளுக்கு எங்கே தெரியப்போகிறது.

எண்பதுகளின் தொடக்கம். என் கூடப்பிறந்த நானா, உங்கள் கணவர், சவூதிக்குப் போய் இரண்டு வருடம். கல்முனையில் உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். நீங்கள் குர்ஆனை அழகாக ஓதுவீர்கள். தமிழ் எழுத வராது. நீங்கள் சொல்லச் சொல்ல நானாவுக்கு நான்தான் கடிதம் எழுதுவேன். மற்றப் பெண்கள் ரேடியோவும் சேலையும் கேட்டு எழுதுவிப்பார்கள். உங்களுக்கோ அங்கே மழை பெய்யுமா, காகம் உண்டா, பகலைக்கு என்ன சாப்பிடுகிறார் என்று எல்லாம் தெரிய வேண்டும். "ரொட்டியும் ஒரு காரமான பச்சை இலையும்" என்று பதில் வந்தது. தான் ஸ்டோர் கீப்பர் என்பதையும் நானா ஒவ்வொரு கடிதத்திலும் மறக்காமல் எழுதுவார். ஊரில் நீங்கள் ஸ்டோர் கீப்பர் பெண்சாதி. அதில் எங்கள் குடும்பத்துக்கே ஒரு மிதப்பு.

அந்த இலையைத் தின்று பார்க்க வேண்டும் என்றீர்கள். ஊருக்கு வந்த ஒருவரிடம் நானா விதை உறை ஒன்று கொடுத்தனுப்பினார். அதில் அறபு எழுத்து இருந்ததால் உங்கள் உம்மா அதை முத்தமிட்டு, குர்ஆன் வைத்திருக்கும் தட்டில் ஏற்றிவிட்டார். நீங்கள் இறக்கி வாசித்தீர்கள். குர்ஆனில் இருப்பதுபோல் மேலும் கீழும் உச்சரிப்புக் குறியில்லாத அறபு. ஜிர்ஜிர், ஜுர்ஜைர், ஜர்ஜீர் என்று மாற்றி மாற்றிப் பார்த்தீர்கள். கடைசியாகச் சொன்னதுதான் சரி என்று பிறகு நானா எழுதினார்.

"வாசிக்க வருது, வெளங்குதில்ல கா" என்று என்னிடம் சொன்னீர்கள்.

எழுத்தில் கத்தரி படாமல் உறையின் அடியை வெட்டி, கிணற்றடியில் ஆட்டெரு கலந்த மணலில் தூவினோம். நாலாம் நாள் முளைத்தது. அறபு நாட்டு இலை என்று கேள்விப்பட்டு, காய்ச்சலுக்கு ஊறவைத்துக் குடிக்க அயலவர்கள் கேட்டு வந்தார்கள். "இது கறி இல. ஓதின இல இல்ல" என்று சொல்லிச் சொல்லிக் களைத்தீர்கள். சட்டியில் வதக்கிச் சுண்டியதும் காரம் போய்விட்டது. பச்சையாகத் தேங்காய்ப்பூவும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துச் சம்பல் போட்டபோதுதான் உங்களுக்குக் கண் கலங்கியது.

நானா லீவில் வந்து இரண்டாம் நாள் காலை, எங்களோடு கதைத்துக்கொண்டே பாத்தியருகில் குந்தினார். இலையைத் தண்டோடு கிள்ளி, ஒரு பிடி சேர்த்து, அடியைத் தட்டிச் சமப்படுத்தி, ஓலைக் கீற்றால் சுற்றிக் கட்டிப் போட்டார். அடுத்த பிடி. அதற்கடுத்தது. கையைப் பார்க்காமலே கட்டினார். நான் அதில் எதையும் காணவில்லை. நீங்கள் கண்டீர்கள்.

"ஒரு நாளைக்கு எத்தின கட்டுக் கட்டுவீங்க?" என்று மெதுவாகக் கேட்டீர்கள்.

நானாவின் கை நின்றது. என்னைப் பார்த்தார், பிறகு மண்ணைப் பார்த்தார். "ஐந்நூறு வரும். விடிய முந்தி சுபஹு தொழுத கையோட தோட்டத்துக்கு இறங்கணும்."

எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த ஸ்டோர் கீப்பர் பொய்யை இரண்டு வருடமாக வாசித்துக் காட்டியது நானல்லவா. நீங்களோ கட்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, "முதுகு நோகும், எழும்புங்க" என்றீர்கள். ஊருக்கு அவர் கடைசிவரை ஸ்டோர் கீப்பர்தான்.

அவர் திரும்பிப் போன பிறகு முதல் கடிதம் எழுத உட்கார்ந்தோம். வேலையைப் பற்றிக் கேட்கவா என்றேன்.

"வேணாம் கா. வெயிலுக்குத் தலையில துணியக் கட்டிக்கங்க எண்டு மட்டும் எழுது."

மதினி, என் மகன் இப்போது கட்டாரில். ஓபிஸ் வேலை என்கிறான். இருக்கலாம். நான் வேலையைப் பற்றிக் கேட்பதில்லை. போன கிழமை டெலிபோன் எடுத்தபோது, "அங்க வெயில் எப்படி மகன்?" என்று மட்டும் கேட்டேன்.

"கடும் வெயில் உம்மா" என்றான்.