அறுபத்து மூன்று கையெழுத்து

7 அக்டோபர் 2025, செவ்வாய்

துணி துவைக்கும் மெஷின் மறுபடி நின்றுவிட்டது. பழுது பார்ப்பவர் வெள்ளிக்கிழமை வருவாராம். எந்த வெள்ளிக்கிழமை என்று நான் கேட்கவில்லை.

மாலையில் ரோஹானா கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. அண்ணனோடு சூலியா தெருவில் நாசி கண்டார் சோற்றுக் கடை நடத்துகிறாள். வியாபார நேரத்தில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் கூப்பிட்டால் விஷயம் பெரியது என்று அர்த்தம். அந்தக் காலத்தில் நாங்கள் உயிரை விட்ட ராக் பாடகர் டினோ முத்துவுக்குப் பாராட்டு விழாவாம். நவம்பர் முப்பது, ஜார்ஜ்டவுனிலேயே.

“ரசிகர் மன்றத்துச் செயலாளர் நீதானடி. விழா மலர்ல ரெண்டு பக்கம் நீதான் எழுதணும்லா” என்றாள். மன்றம் செத்து முப்பத்து மூன்று வருஷம் ஆகிறது. நான் இன்னும் செயலாளராம்.

இவ்வளவு அவசரமாக ஏன் விழா என்று கேட்டேன். அவருக்குக் குரல்வளையில் கட்டி. ஜனவரியில் ஆபரேஷன். அதற்குப் பிறகு குரல் எப்படி இருக்கும் என்று டாக்டரே சொல்ல மாட்டேன் என்கிறாராம்.

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கடிதத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

9 அக்டோபர், வியாழன்

ஒரு வரிகூட எழுதவில்லை. பென்சிலை மட்டும் நன்றாகச் சீவி வைத்திருக்கிறேன்.

12 அக்டோபர், ஞாயிறு

கட்டிலுக்கு அடியில் கிடந்த பிஸ்கட் டின்னை இழுத்தேன். மூன்று கேசட், மன்றத்து பேட்ஜ் ஒன்று, இரண்டு டிக்கெட் துண்டு. பழைய ரேடியோ இன்னும் பாடுகிறது. முதல் கேசட்டில் டேப் தளர்ந்து தொங்கியது. சீவிய பென்சிலுக்கு வேலை வந்தது.

ஃபெரி தெராக்கிர். கடைசிப் படகு. பட்டர்வொர்த் பையன்கள் ஐந்து பேர் சேர்ந்த ராக் குழு. பாடகர் துறைமுகத் தொழிலாளி மகன். பெற்றவர்கள் வைத்த பெயர் பிச்சைமுத்து. போஸ்டரில் அது நிற்காது என்று டினோ முத்து ஆனார். எண்பத்தாறில் ஒரு டேவான் மண்டபத்தில் நாற்காலி போடாத கச்சேரியில் நான் அவரை முதலில் பார்த்தேன். எனக்குப் பதினைந்து வயது. டியூஷன் என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டுப் போனேன். இடுப்பு வரை முடி, கிழிந்த ஜீன்ஸ், கழுத்தில் முருகன் டாலர். ஒருத்தரால் மலாயிலும் தமிழிலும் இப்படிக் கத்தவும் முடியும், கத்தலுக்கு நடுவே இப்படி அழவும் முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

‘காராத்’ என்றொரு பாட்டு. துரு என்று அர்த்தம். மூன்றாவது சரணத்தில் குரல் மேலே போய் உடையும். வேறு பாடகர்கள் என்றால் திரும்பப் பாடிச் சரிசெய்திருப்பார்கள். இவர் அப்படியே விட்டுவிட்டார். அந்த ஓர் இடத்துக்காக நானும் ரோஹானாவும் பின்னால் ஓட்டி ஓட்டிக் கேட்டோம், டேப்பே அங்கே தேய்ந்துவிட்டது. இன்றும் அந்த இடத்தில் பாட்டு ஒரு கணம் அமுங்கி, பிறகு எழும்புகிறது.

ஒவ்வொரு கேசட்டிலும் பி பக்கத்துக் கடைசிப் பாட்டு தமிழ். ‘ஏழாம் நம்பர் துறை’தான் எனக்கு எல்லாவற்றுக்கும் மேல். ‘கயிறு அறுந்தா கப்பல் போகும், நான் எங்கே போவேன்’ என்று தன் அப்பாவுக்காக அவர் பாடியது. ட்ரம்ஸ் இல்லை. ஒரு கித்தார், பின்னால் மெய்யாகவே மழை.

“என்னம்மா, வீட்டுக்குள்ள யாரோ தகரத்தை அறுக்கிறான்” என்றார் என் வீட்டுக்காரர் நல்லமுத்து. அவருக்கு பக்திப் பாட்டு தவிர மற்றதெல்லாம் தகரம். ஆனால் கதவைச் சாத்தச் சொல்லவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

அந்தக் காலத்தில் நானும் முடி வளர்த்தேன். டினோ முத்துவுக்கும் எனக்கும் ஒரே நீளம் என்று பெருமை பீற்றுவேன். நரைத்தாலும் இன்னும் இடுப்பைத் தொடுகிறது. என்னிடம் இருக்கும் ஒரே அழகு அது என்று எனக்குத் தெரியும்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. முறுக்கு கருகிவிட்டது. இனி வருகிறவர்கள் எல்லாம் ‘பரவாயில்லை’ என்று சொல்லியே தின்பார்கள்.

26 அக்டோபர், ஞாயிறு

ஒன்றரைப் பக்கம் வந்திருக்கிறது. எண்பத்தேழில் முதல் கேசட், எண்பத்தொன்பதில் இரண்டாவது, ‘லம்பு மெர்குரி’, தொண்ணூற்றொன்றில் மூன்றாவது. அதற்கு அடுத்த வருஷத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. இங்கேயாவது எழுதுவோம். இதை யார் படிக்கப் போகிறார்கள்?

தொண்ணூற்றிரண்டில் நீள முடி வைத்த பாடகர்களைத் தொலைக்காட்சியில் காட்ட மாட்டோம் என்றார்கள். வெட்டிக்கொண்டு வந்தால் பாடலாம். சிலர் வெட்டினார்கள், சிலர் மறுத்தார்கள். எங்கள் ஆள் வெட்டவே மாட்டார் என்று மன்றமே மார்தட்டியது. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை டிவியைப் போட்டால், நிற்கிறார். ஒட்ட வெட்டிய முடி. பேங்க் கிளார்க் மாதிரி. நான் டிவியை அணைத்தேன். பாட்டைக்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் மன்றம் கூடியது. கடிதம் எழுதியது நான். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. ‘முடியை விற்று மேடையை வாங்கிவிட்டீர்கள். இனி உங்கள் குரலுக்கு எங்களிடம் காது இல்லை’ என்று எழுதினேன். அந்த வரி எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அறுபத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். தபால் பெட்டியில் போட்டதும் நான்தான்.

பதில் வரவில்லை. தொண்ணூற்று நான்கில் ஒரு கேசட் வந்து யார் காதிலும் விழாமல் போனது. அப்புறம் பத்து ஃபெரிங்கி கடற்கரை ஹோட்டலில் வெள்ளைக்காரர்கள் சாப்பிடும்போது மற்றவர்கள் பாட்டைப் பாடினார் என்று கேள்வி. இப்போது புக்கிட் மெர்தாஜாமில் கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறாராம்.

பாராட்டு எழுத என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். நல்ல ஆளைப் பிடித்தார்கள்!

1 நவம்பர், சனி

ரோஹானாவின் காடியில் ஏறிப் புக்கிட் மெர்தாஜாம் போனோம், விழா மலருக்குப் படம் வாங்க. அவர் ஒரு கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் கட்டப் போயிருந்தார். அப்பாடா என்றிருந்தது. அவருடைய தங்கை வள்ளியம்மாதான் இருந்தார். குடிக்கக் கலர் ஊற்றித் தந்து, ஆல்பத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

நடுப்பக்கத்தில் ஒரு படம். தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரம். மஞ்சள் வேட்டி, மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம். ஓர் இளைஞர். பக்கத்தில் ஒல்லியாக ஒரு பெண், ஓர் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு.

“இது யாரு, அக்கா?” என்றேன்.

“அண்ணன்தாம்மா. அது நானு. தொண்ணூத்திரண்டு தைப்பூசம். எனக்கு மூளைக் காய்ச்சல் வந்து நாப்பது நாளு ஆஸ்பத்திரி. பொழைச்சா மகன் முடியத் தர்றேன்னு அம்மா வேண்டிக்கிட்டாங்க. அவரைக் கேக்கவே இல்ல. சொன்னதும் சரிம்மான்னுட்டாரு.”

நான் படத்துக்குப் பின்னால் எழுதியிருந்த தேதியைப் பார்த்தேன். ஜனவரி. டிவியில் வந்தது ஏப்ரல். மூன்று மாதத்தில் முளைத்த முடி.

“அப்புறம்தான் டிவிக்காரங்க கூப்பிட்டாங்க. அப்ப முடி இல்லாத ராக் பாடகர் அவரு ஒருத்தர்தானே” என்று சிரித்தார் வள்ளியம்மா.

ரோஹானா என் முழங்காலில் கையை வைத்தாள்.

2 நவம்பர், ஞாயிறு

அந்தப் பூசத்துக்கு நானும் தண்ணீர்மலையில்தான் இருந்தேன். எங்கள் மன்றமே தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தது. வருஷா வருஷம் ஆயிரம் மொட்டை பார்க்கிறவள். பிள்ளை பிழைத்தால் மொட்டை, வேலை கிடைத்தால் மொட்டை. மொட்டை போட்ட முடி மூன்று மாதத்தில் எவ்வளவு வளரும்னு தெரியாதா எனக்கு? ரோஹானா முஸ்லிம், அவளுக்குத் தெரியாது, சரி. எனக்குமா? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? ஏன் கேக்கல? கேட்டா அந்த அழகான வரிய எழுத முடியாதே, அதானே ஜெகதீஸ்வரி?

அவராவது சொல்லியிருக்கலாம். ஒரு பத்திரிகையில், ஒரு வரி. ஏன் சொல்லவில்லை?

10 நவம்பர், திங்கள்

எழுதி முடித்துவிட்டேன். கடிதத்தையும் எழுதிவிட்டேன், அந்த வரியோடு. பேருந்தில் கடல் பாலம் தாண்டிப் பிறை ஊருக்குப் போகும்போது ரோஹானாவுக்கு அனுப்பினேன். நான் வேலை செய்யும் ஃபேக்டரி வாசலை எட்டுவதற்குள் பதில்.

“பாராட்டு விழாவுல எதுக்குடி பஞ்சாயத்து? அந்தப் பத்தியை மட்டும் எடுத்துரு. அவருக்கு மறந்துகூடப் போயிருக்கும்.”

மறக்காமல் இருந்தால்?

அவர் குரல் ஜனவரியில் போகலாம். காது இருக்கிறதே, அதற்குள் ஒரு தடவையாவது நிஜத்தைக் கேட்கட்டும். ‘அந்தப் பத்தி இல்லாவிட்டால் என் பெயரும் வேண்டாம்’ என்று எழுதி அனுப்பினேன். சாயங்காலம் வரை பதில் இல்லை. அப்புறம் ஒரே வார்த்தை வந்தது: “கழுதை.” சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

30 நவம்பர், ஞாயிறு

மத்தியானம் மூன்று மணிக்கு விழா. நூற்றைம்பது பேர் இருக்கலாம். பாதிப் பேருக்கு வழுக்கை. ஒரு காலத்தில் தலையை ஆட்டிய கூட்டம், இப்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. ஸ்பீக்கர் கரகரத்தது. விழா நாயகரே எழுந்து போய் ஒயரைச் சரிசெய்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

நான் வாசித்தேன். ‘காராத்’தைப் பற்றிச் சொன்னபோது கைதட்டினார்கள். கடிதத்தையும் அந்த வரியோடு வாசித்தேன். கடைசியாக, “கடிதத்தை எழுதிய கை இதுதான், அண்ணே. மன்னிச்சிருங்க” என்று சொல்லிவிட்டு, அவரைப் பார்க்கத் தைரியமில்லாமல் தாளைப் பார்த்தபடியே இறங்கினேன்.

அவர் ‘ஏழாம் நம்பர் துறை’யை மட்டும் பாடினார், நாற்காலியில் உட்கார்ந்தபடி. பாதிக் குரல். மேலே போக வேண்டிய இடத்தில் போகாமல் நிறுத்திக்கொண்டார். அந்த இடத்தைச் சபை பாடியது. நல்லமுத்துவும் பாடினார். இவருக்கு எப்போது மனப்பாடம் ஆனது?

தேநீர் நேரத்தில் டினோ முத்துவே என்னிடம் வந்தார்.

“லெட்டர் கெடைச்சுச்சும்மா” என்றார். “தபால்காரன் அம்மா கையிலதான் குடுத்தான். அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. என்னப்பா எழுதியிருக்குன்னாங்க. ரசிகருங்க வாழ்த்து அனுப்பியிருக்காங்கம்மான்னேன். சந்தோஷப்பட்டு சாமி படத்துக்கிட்ட வச்சிட்டாங்க. சாகுற வரைக்கும் அங்கதான் இருந்துச்சு.”

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“நான் வெளியில சொல்லியிருந்தா, தன் வேண்டுதலாலதான் மகன் பேரு கெட்டுச்சுன்னு அம்மா ஒடைஞ்சிருப்பாங்க. அதோட, சாமிக்குக் குடுத்ததச் சாக்காச் சொல்லக் கூடாதுலா. பாட்டு போனதுக்கு ஒன் லெட்டரு காரணமில்ல. கேசட் விக்கல, அவ்வளவுதான்.”

பிறகு சிரித்தார். “ஒங்க பந்தலுக்கு அன்னைக்கி வந்தேனே, தெரியுமா? மொட்டையோட. என் பாட்டுதான் ஓடுச்சு. ஒரு பொண்ணு மோர் குடுத்துச்சு. யாருக்கும் என்னத் தெரியல. ஓரமா நின்னு முழுப் பாட்டையும் கேட்டேன். என் பாட்ட மத்த ஆளு மாதிரி நின்னு கேட்டது அந்த ஒரு தடவைதான். நல்லாத்தான்லா பாடியிருக்கான்னு தோணுச்சு.”

மோர் ஊற்றியது நானும் மன்றத்தில் இருந்த ஷஹீராவும். இரண்டு பேரில் யார் என்று அவருக்கு ஞாபகமில்லை. எனக்கும் அந்த முகம் ஞாபகமில்லை. நாங்கள் எல்லோரும் பார்த்தது முடியைத்தான்.

1 டிசம்பர், திங்கள்

லீவு போட்டேன். நன்றாக அழுதேன். மெஷின் ஓடுகிறது.

20 ஜனவரி 2026, செவ்வாய்

இன்று ஆபரேஷன். வேலையில் இரண்டு தடவை தப்பான தட்டுக்குச் ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டேன். நான்கு மணிக்கு ரோஹானா செய்தி அனுப்பினாள்: கட்டியை எடுத்துவிட்டார்கள். மூன்று வாரம் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. பேசும்போதுதான் தெரியும்.

ஒன்று வேண்டிக்கொண்டேன். என்னவென்று இங்கேகூட எழுத மாட்டேன்.

1 பிப்ரவரி, ஞாயிறு

பூசம். விடிந்ததும் தண்ணீர்மலை போனோம். நாவிதர் என் பின்னலைக் கையில் எடுத்து எடை பார்த்தார். “முழுசாவாம்மா? நல்லா யோசிச்சிக்கிங்க” என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். நல்லமுத்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சந்தனத்தை அவரே குழைத்துப் பூசிவிட்டார்.

12 பிப்ரவரி, வியாழன்

ஃபேக்டரியில் இன்னும் பார்க்கிறார்கள். என் லைனில் புதிதாகச் சேர்ந்த சாந்தினி சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அக்கா, கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. கீமோவா?” என்று கண் கலங்கக் கேட்டாள். இன்னொருத்தி போன வாரம், இந்த வயசுல ஸ்டைல் கேக்குதா என்று என் முதுகுக்குப் பின்னால் சொன்னாளாம்.

“சும்மாதாம்மா. வெயில் தாங்கலலா” என்றேன். சொல்லத் துடித்த நாக்கைப் பிடித்து வைப்பது லேசாக இல்லை. அவர் இதை முப்பத்து மூன்று வருஷம் செய்திருக்கிறார்.

பேருந்து பாலத்தில் ஏறும்போது போனில் ஒரு குரல் செய்தி வந்தது. எண் ரோஹானாவுடையது. அவள் அவரைப் பார்க்கப் போயிருக்கிறாள். நான்கே வினாடி. முதல் இரண்டில் மூச்சு மட்டும். அப்புறம் துருப்பிடித்த மாதிரி ஒரு குரல், ‘காராத்’தில் உடையுமே, அதே குரல்:

“ஜெகா... மோர் இருக்கா?”

பாலம் முடியும் வரை திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.