என் சாவுக்கு நீ பாடிய பாட்டு

சேசு மரி சூசை துணை

காசிமேடு
18-8-1974

அன்பு மகன் பாஸ்கலுக்கு, அம்மா சிலுவையம்மாள் ஆசீர்வதித்துச் சொல்லச் சொல்ல உன் தங்கை ரோசி எழுதுவது. நான் உயிரோடுதான் இருக்கிறேன். பதறாமல் மேலே படி.

'அம்மா சீரியஸ், உடனே வா' என்று ரோசி தந்தி அடித்தது உண்மைதான். நம் பக்கம் செத்தவர்களுக்கும் சீரியஸ் என்றுதானே அடிப்பார்கள், நீயும் நான் போய்விட்டதாக எடுத்துக்கொண்டாய். எனக்கு வயிற்றில் கட்டி. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். மீன் கூடையை ரோசி தூக்குகிறாள்.

முப்பதாம் நாள் ஏழைகளுக்குச் சோறு போடச் சொல்லி நீ அனுப்பிய பணத்தைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. தெருவைக் கூப்பிட்டு நானே உட்கார்ந்து பரிமாறினேன். உன்னோடு சாவு வீடுகளில் டோலக்கு அடித்த சௌக்கத் அலி, "இன்னா யம்மா, உன் சாவு சோத்த நீயே போட்டுகினு கீறியே" என்று சிரித்தான். சிரித்தவன் இலையை மூடிவிட்டு அழுதான்.

நீ பாடி அனுப்பிய டேப்பையும் அவன்தான் போட்டுக் காட்டினான். நல்ல கானாப் பாட்டுடா. கூடை தூக்கி வளர்த்தவளே என்று ஆரம்பித்தபோது பக்கத்து வீட்டுக்காரிகள் மூக்கைச் சிந்தினார்கள். ஆனால் 'கடைசி முகம் பாக்க முடியலியே' என்று ஒரு வரி வருகிறதே, அது எனக்குப் பொறுக்கவில்லை. பம்பாயிலிருந்து ரயில் வரவில்லையா மகனே? எப்படியும் மண்ணுக்குள் போயிருப்பாள், போய் என்ன ஆகப் போகிறது என்று இருந்துவிட்டாயா?

உன் மைக் செட் கடை இரண்டாகிவிட்டதாம், கேட்டுச் சந்தோஷப்பட்டேன். தாராவியில் நாதியற்ற பிணங்களை உன் செலவில் அடக்கம் செய்து, குழி மூடும்வரை கூடவே நின்று பாடுகிறாயாம். பெரிய புண்ணியம். முகம் தெரியாதவர்களுக்கு அவ்வளவு செய்கிறாய். பெற்றவளுக்கு டேப் வந்தது.

திட்டுகிறேன் என்று நினைக்காதே. ரோசி இதை எழுத மாட்டேன் என்றாள், நான்தான் எழுத வைத்தேன்.

நெத்திலி காயவைத்திருக்கிறேன். உனக்குப் பிடிக்குமே என்று யாருக்கும் கொடுக்கவில்லை.

சேசுவும் மாதாவும் உன் தொண்டையைக் காப்பாற்றட்டும். அடுத்த தந்தியிலும் 'சீரியஸ்' என்ற இதே வார்த்தைதான் இருக்கும். அதற்குக் காத்திராமல் வா. பாட்டெல்லாம் கேட்டாகிவிட்டது, நீ பாட வேண்டாம். சும்மா வந்து பக்கத்தில் உட்கார்.

உன் அம்மா
சிலுவையம்மாள்