எட்டு வீட்டுக்குப் பதிலாக ஒரு மண்டபம்

ரொம்சோஸ், ஒஸ்லோ
18.11.2007, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வந்திருந்தவர்கள்: எங்கள் வழிபாட்டு மன்றச் செயலாளர் இந்திரகுமார், அவருடைய மனைவி சிறிதேவி, சிவமலர் அக்கா, பல்கலைக்கழகத்தில் படிக்கிற லதீசன், ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து மரியரஞ்சனி, அவளுடைய நாலு வயது மகள் ஜெனிற்றா, நான். மொத்தம் ஏழு பேர். மன்றத்தின் தலைவராகிய நீங்கள் வடக்கே தொழிற்சாலையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். அன்று எடுத்த முடிவுக்கு எல்லாரும் ஓம் எண்டவை என்று இந்திரகுமார் உங்களுக்குச் சொல்லியிருப்பார். நான் ஓம் என்று சொல்லவில்லை. அதற்காகத்தான் பெயர்களை முதலிலேயே எழுதிவிட்டேன்.

நானும் மகள் தர்மினியும் முருகன் அருளால் சுகம். கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமுமாக இருந்து விரதம் முடித்தேன். உங்களுக்குக் கம்பளிக் காலுறை பார்சலில் வருகிறது, தொழிற்சாலைக்கு அதைப் போட்டுக்கொண்டு போங்கள். இந்த விஷயத்தைத் தொலைபேசியிலேயே சொல்லலாம். ஆனால் சரி சரி, பிறகு பாப்பம் என்று பாதியில் வைத்துவிடுவீர்கள். கடிதத்தை இடையில் மறிக்க முடியாது.

ரொம்மனில் பழைய களஞ்சியங்கள் நின்ற நிலத்தில் எண்பது வீடு கட்டப்போகிறார்கள் அல்லவா? கட்டுகிற நிறுவனத்துக்கும் நகரசபைக்கும் இடையில் அதற்கு ஓர் ஒப்பந்தம் எழுதுகிறார்கள். அதன்படி எட்டுப் பெரிய வீடுகளை முதலில் வாங்கும் உரிமை நகரசபைக்கு. சும்மா இல்லை, சந்தை விலைக்குத்தான். வாங்கி, வேறு வழியில்லாத குடும்பங்களுக்கு வாடகைக்குக் கொடுக்கும். இப்போது நிறுவனம் அந்த எட்டை ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லி நிற்கிறது. அப்படிப்பட்ட சனம் பக்கத்தில் இருந்தால் மற்ற வீடுகளை வாங்க ஆள் வராதாம். அதற்கு ஈடாகக் கீழ்த்தளத்தில் ஒரு மண்டபம், வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்கு. வீடுகளைவிட மண்டபமே இந்த வட்டாரத்துக்குத் தேவை என்று நாங்கள் நகரசபைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கருத்துச் சொல்லக் கடைசி நாள் இந்த மாதம் முப்பது. உங்கள் கையெழுத்துக்காக இந்திரகுமார் அனுப்பியிருப்பது அந்தக் கடிதம்தான்.

மண்டபம் வேண்டாம் என்கிறவள் நான் இல்லை. முருகனைப் பயணப் பைக்குள் வைத்து, குளிருக்கு உங்கள் சால்வையையும் சுற்றி, மாடி ஏறி இறங்குகிறவள் நான். குடியிருப்பின் பொது அறையில் புகைமணிக்குக் குளியல் தொப்பி மாட்டிவிட்டுக் கற்பூரம் கொளுத்துகிறவளும் நான்தான். போன ஆடியில் தொப்பி கழன்று விழுந்து தீயணைப்புக்காரர் ஓடி வந்தபோது, வாசலில் தலைக்கவசத்தோடு நின்ற பெடியனுக்கு மோதகம் கொடுத்து அனுப்பினதும் நான்.

ஆனால் அந்த எட்டு வீடும் யாருக்கு என்று எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. மரியரஞ்சனி வேதக்காரியாக, மாதா கோயிலுக்குப் போகிறவளாக இருந்தும் வெள்ளி தவறாமல் வந்து எங்களுக்குத் தேங்காய் துருவித் தருகிறாள் அல்லவா, அவள் இருப்பது நிலத்தடி அறை ஒன்றில். புருசன் முதுகு முறிந்து வேலையில்லாமல் இருக்கிறார். இரண்டு பிள்ளைகள். சுவரெல்லாம் ஈரம், சின்னவளுக்கு மூச்சு இழுப்பு. நகரசபை வீடு தரலாம் என்று அவளுக்கு அனுமதி வந்து ஒன்றரை வருடம். நாலு பேருக்குப் போதுமான வீடு கையில் இல்லை என்று வட்டார அலுவலகத்தில் சொல்கிறார்கள். போன புதன்கிழமை அவளோடு நானும் போனேன். ரொம்மனில் வரப்போகும் பெரிய வீடுகளில் ஒன்றுதான் அவளுக்குச் சரிவரும் என்று அங்கேயிருந்த பெண் சொன்னாள். மண்டபத்தைப் பற்றியும் கேட்டேன். அப்படி ஒன்றைக் கட்டித் தா என்று நிறுவனத்திடம் கேட்டு ஒப்பந்தத்தில் எழுத நகரசபைக்குச் சட்டத்தில் இடமில்லையாம். ஆகவே எட்டு வீடு தாளில் இருக்கிறது, மண்டபம் நிறுவனத்தின் வாயில் இருக்கிறது. ஆனால் நாளைக்கே மண்டபக் கதவின் திறப்பைக் கொண்டுவந்து என் கையில் தந்தாலும் என் பதில் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை இந்திரகுமார் எழுந்து பேசினார். உந்த எட்டு வீட்டுக்கும் வாறது குடிகாரரும் ஊசி போடுறவையும்தான், அதை விட்டுட்டு எங்கடை பிள்ளையளுக்கு ஒரு இடம் கிடைக்குதெண்டால் ஏன் தள்ளுவான் என்றார். மரியரஞ்சனியின் கதை எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் பின்னாலிருந்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அடக்கிக்கொண்டு, பிறத்தியாற்றை வீட்டை விட்டுக் குடுக்க நாங்கள் ஆர் என்று மட்டும் கேட்டேன். உங்களுக்கு எல்லாத்திலையும் ஒரு கணக்கக்கா, சாமிக்குச் செய்யிறதுக்கும் கணக்கோ என்று சிறிதேவி சிரித்தாள். ஒப்பந்தத்தை முழுக்க வாசிச்சுப் பாத்திட்டு முடிவெடுப்பம் என்று லதீசன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

அப்போதுதான் சிவமலர் அக்கா, சண்டை வேண்டாம், பூக்கட்டிப் பாப்பம் என்றார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனித் தாளில் பொதிந்து முருகனுக்கு முன்னால் போட்டார்கள். வெள்ளை வந்தால் மண்டபத்தை எடுப்பது, சிவப்பு வந்தால் விடுவது. பொதியைத் தொட ஒரு சின்னப் பிள்ளை வேண்டும் அல்லவா? அங்கே இருந்தது ஒரு பிள்ளைதான். ஜெனிற்றாவைக் கூப்பிட்டு, கண்ணைப் பொத்து குஞ்சு, ஒண்டை எடு என்றார்கள். அவள் எடுத்தது வெள்ளை. எல்லாரும் கைதட்டினார்கள். பிள்ளையும் சேர்ந்து தட்டியது. தாய் தேங்காய்த் துருவலைப் பார்த்தபடி இருந்தாள்.

அத்தான், நான் பூவை நம்புகிறவள். தர்மினியின் சத்திரசிகிச்சைக்கு நாள் வைத்ததும் பூக்கட்டித்தான். ஆனால் வெள்ளிக்கிழமை முருகனிடம் கேட்ட கேள்வி பிழை. உனக்கு ஓர் இடம் வேண்டுமா என்று கேட்டார்கள், அவர் வேண்டும் என்றார். இந்தப் பிள்ளையின் வீட்டை எடுத்து உனக்குத் தரட்டுமா என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? எங்களுடைய பொருளைப் பற்றித்தான் எங்கள் சாமியிடம் கேட்கலாம். இந்தப் பிள்ளை என்பதை மட்டும் பிறத்தியார் என்று மாற்றி, இதை எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். வந்த பூவை மறுக்கிறாய், மனுசன் தூரத்திலை கத்தியோடை வேலை செய்யிறார், பயமில்லையோ என்று சிவமலர் அக்கா கேட்டார். பயமில்லை என்றேன். முருகனுக்குக் கோபம் வந்தால் என்னோடு வரட்டும், ஆறு நாள் பட்டினி இருந்து அவரோடு கதைத்தவள் நான்.

நேற்று மரியரஞ்சனி பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். அக்கா, வெக்கப்பட்டது காணும், என்ரை பேரைப் போட்டே நகரசபைக்கு எழுதுங்கோ என்றாள். குசினி மேசையில் இருந்து இரண்டு பேருமாக எழுதினோம். நோர்வே மொழியில் பிழை இருக்கும், இருக்கட்டும். நாங்கள் சொல்ல வந்தது அவர்களுக்கு விளங்கும்.

ஒரு மண்டபத்துக்காக ஏழு வருடமாக நீங்கள் வாசல் வாசலாக ஏறி இறங்கியது எனக்குத் தெரியும். இந்திரகுமாரிடம் தொலைபேசியில் சரி என்று சொல்லிவிட்டீர்களாம், அதுவும் தெரியும். இதை வாசிக்கும்போது உங்கள் முகம் எப்படி மாறும் என்றும் தெரியும். சொன்ன சொல்லைத் திருப்பி எடுப்பது உங்களுக்குக் கஷ்டம். ஆனாலும் கேட்கிறேன், அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் உங்கள் கடிதமும் என் கடிதமும் ஒரே மேசைக்குப் போகும், இரண்டிலும் சபாரத்தினம் என்ற பெயர் இருக்கும். நகரசபையில் சிரிப்பார்கள். கலியாணம் செய்து இருபத்துமூன்று வருடத்தில் உங்களுக்கு எதிராக நான் ஒன்றும் எழுதினது இல்லை. இதை எழுதுவேன்.

கையுறையைக் கழற்றாமல் வேலை செய்யுங்கள். முருகன் உங்களுக்குத் துணை, கோபத்திலும் அவரே துணை.

நாளைக்கு இல்லை, அடுத்த திங்கட்கிழமை, 26ஆம் திகதி, என் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களா இல்லையா என்று அதற்குள் எனக்குத் தெரிய வேண்டும். ஓம் என்றாலும் இல்லை என்றாலும் உடனே பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
புஷ்பமலர்