பேசித் தோற்ற செனட்டர்

வெள்ளிக்கிழமை இரவு, பிரிக்பீல்ட்ஸ்

கல்யாணமானால் டீச்சர் வேலையை விட்டுவிட வேண்டும். எங்கள் கான்வென்ட் பள்ளியில் பெண்களுக்கு அதுதான் சட்டம். இன்றோடு எனக்கு வேலை முடிந்தது.

அலமாரிச் சாவியைக் கொடுக்கப் போனேன். ஐரிஷ்கார சிஸ்டர் தன் ஊர்ப் பேப்பரை எடுத்துக் காட்டினார். அங்கேயும் இதே சட்டம் வருகிறதாம். அந்த ஊர் மேல்சபையில் ஒரு பெண் செனட்டர் எழுந்து எதிர்த்துப் பேசியிருக்கிறார்.

"ஜெயித்தாரா, சிஸ்டர்?"

"இல்லை, பிள்ளை. பேசினார்." சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இங்கே எனக்காக யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மாப்பிள்ளையும் வாத்தியார்தான். கிள்ளானில் அவருடைய பள்ளியில் கல்யாணத்துக்கு லீவு கொடுத்து, வாழ்த்தி அனுப்பியிருக்கிறார்கள். லீவு முடிந்த அன்று சோறு கட்டிக் கொடுத்து அவரைப் பள்ளிக்கு அனுப்புவேன். பிறகு மணி அடிக்காத அந்த வீட்டில் நான் என்ன செய்வேன்?