செவந்தியின் பொட்டு

செம்பட்டிக்காடு,
ஆலங்குடி வழி.
18.1.2025

அன்புள்ள ஆவுடைக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சுகமாக இருப்பதை டிவியைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று நீ பார்க்க டிவி இல்லை. அதனால் இந்தக் கடிதம்.

போனில் பேசலாமே என்பாய். உன் நம்பருக்கு அடித்தால் மேனேஜர் பிரவீன்குமார் தம்பிதான் எடுக்கிறார். "சார் ஷாட்ல இருக்காருங்கம்மா" என்று மரியாதையாகத்தான் சொல்கிறார். அதோடு இந்த விஷயத்தை அப்பா காதில் விழும்படி பேச எனக்கு வாய் வரவில்லை. பால்வாடி டீச்சராக இருந்தவளுக்கு எழுதுவதற்கு என்ன கூச்சம்?

மாட்டுப் பொங்கலன்று ஒரு யூடியூப் சேனல்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள். உன் சினிமாப் பெயரைப் போட்டு 'நடிகர் செம்மல் பிறந்த வீடு' என்று படம் எடுக்க வேண்டுமாம். அப்பா மாட்டுக்குக் கொம்பு சீவி முடித்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். கேமராவைப் பார்த்ததும், வழக்கம்போல, கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு முந்திரிக்காட்டுப் பக்கம் போய்விட்டார். அவருக்கு ஒளிந்துகொள்ளப் பழகிவிட்டது.

வந்த பெண் என் முகத்தையே பார்த்தாள். "அம்மா, அப்பா இறந்து எட்டு வருஷம் ஆகுது. ஆனா நீங்க தைரியமா பொட்டு வச்சிருக்கீங்க. எவ்வளவு முற்போக்கா இருக்கீங்க! இதைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்களேன்" என்றாள். எனக்கு முற்போக்கும் தெரியாது, பிற்போக்கும் தெரியாது. புருஷன் இருக்கிறார், பொட்டு வைத்திருக்கிறேன். அதைச் சொல்ல முடியாமல் உள்ளே போய் முகம் கழுவினேன். கழுவியதில் பொட்டு போய்விட்டது. போகவில்லை, நான்தான் அழித்தேன்.

அவர்கள் போன பிறகு அப்பா வந்தார். என் நெற்றியைப் பார்த்தார். மாட்டுக்குக் குழைத்து வைத்திருந்த குங்குமத்தை விரலால் தொட்டு எனக்கு வைத்துவிட்டார். அப்புறம் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்.

முதல் படத்தில் நீ செய்த கூத்தை நான் மன்னித்துவிட்டேன், ஆவுடை. வேன் பிடித்து ஊரோடு புதுக்கோட்டைத் தியேட்டருக்குப் போனோம். திரையில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். அதில் உன் அப்பா! தோற்றம், மறைவு என்று தேதி வேறு. அதற்குக் கீழே நீ மொட்டைத் தலையோடு கொள்ளிச் சட்டி தூக்கிக்கொண்டு அழுகிறாய். "ஏண்டா பாவி, உசுரோட இருக்கவனுக்கா கொள்ளி தூக்குற?" என்று சின்னப்பிள்ளை அத்தை தியேட்டரிலேயே மாரில் அடித்துக்கொண்டாள். தன் கூடப்பிறந்தவனாயிற்றே, அவளுக்கு எப்படி இருக்கும்? அப்பாதான் சிரித்தார். "போட்டோ தேடி அலைஞ்சிருப்பான். அவசரத்துக்கு நம்ம மூஞ்சி ஒதவியிருக்கு, விடுங்க" என்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் அடுத்த வாரம் டிவியில், "அந்த பேனர்ல இருக்கறது உங்க சொந்த அப்பாவாமே? அவரை இழந்த துக்கத்துலதான் அப்படி அழுதீங்களா?" என்று கேட்டார்களே, நீ ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாய். நாடே உனக்காக அழுதது. அன்றைக்குத்தான் அப்பா நிஜமாகச் செத்தார்.

ஐப்பசியில் அவருக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தது உனக்குத் தெரியும். நாளைக்கே அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் நீ எப்படி வருவாய்? ஏற்கெனவே செத்தவருக்கு எந்த முகத்தோடு மொட்டை போடுவாய்? சொல்லிவிடு, ஐயா. 'எங்க அப்பா இருக்கார்.' ஒரு வரி. உனக்கு எவ்வளவோ பக்கம் வசனம் வருகிறதே.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்
அம்மா செவந்தி


சென்னை,
3.2.2025

அன்புள்ள அம்மா,

உன் கடிதத்தை கேரவனில் வைத்துப் படித்தேன். மேக்கப்காரர் இரண்டு முறை முகத்தைத் துடைக்க வேண்டியதாகிவிட்டது.

நான் ஆசைப்பட்டுச் செய்தது இல்லை அம்மா. திருவல்லிக்கேணி மேன்ஷனில் நான் கிடந்த நாட்கள் உனக்குத் தெரியும். கூட்டத்தில் ஒருவனாக நிற்பேன், பாடை தூக்குகிறவர்களில் ஒருவனாக வருவேன், முகம் திரையில் தெரியாது. கடைசியில் ஒரு டைரக்டர் நம்பிக் கூப்பிட்டார். அன்றைக்கு பேனருக்கு ஏற்பாடு செய்திருந்த போட்டோ வரவில்லை. அவர் கத்திக்கொண்டிருந்தார். என் பர்ஸில் அப்பா படம் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். என் முதல் படத்தில் அப்பா முகமும் இருக்கட்டும் என்ற ஆசையும்தான்.

பேட்டியில் பக்கத்தில் தயாரிப்பாளர் உட்கார்ந்திருந்தார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், மேசைக்கு அடியில் காலை மிதித்தார். அப்புறம் வந்த வாய்ப்பெல்லாம் அந்த அழுகைக்காக வந்ததுதான். இப்போது போய்ச் சொன்னால், அப்பனைக் கொன்று பிழைத்தவன் என்று மீம் போட்டே என்னை முடித்துவிடுவார்கள். சித்திரையில் ஒரு பெரிய படம் வருகிறது. அது வந்து போகட்டும்.

ஒரு நல்ல செய்தி. மார்ச் மாதம் திருச்சியில் விருது விழா. நடிகர்களின் அம்மாக்களுக்கு மேடையில் மரியாதை செய்கிறார்கள். உன்னைத்தான் முதலில் கேட்டார்கள். கார் அனுப்புகிறேன், வா. ஒரே ஒரு வேண்டுகோள், கோபித்துக்கொள்ளாதே. அன்றைக்கு மட்டும் குங்குமம் வேண்டாம், லேசாக விபூதி வைத்துக்கொள்.

அப்பாவை மாத்திரை தவறாமல் சாப்பிடச் சொல்.

உன் அன்பு மகன்
ஆவுடை


செம்பட்டிக்காடு,
10.2.2025

ஆவுடைக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். கையெழுத்து உன் அப்பா கையெழுத்து மாதிரி இருக்கிறது, மனது வரவில்லை.

உன்னை நான் ஒரு அடி அடித்து வளர்த்ததில்லை. இப்போது நினைத்தால் அங்கேதான் தப்பு செய்துவிட்டேன் போலிருக்கிறது. விபூதியா வைத்துக்கொள்ள வேண்டும்? அதைக் கேட்பதற்கு உனக்குக் கை வந்ததே!

ஆலங்குடிப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் நீ ராணி வேஷம் கட்டினாய். அதற்கு என் கல்யாணப் பட்டுச் சேலையை என்னிடம் கேட்காமல் எடுத்துக்கொடுத்தவர் அவர். ஆம்பளப் புள்ளைக்குச் சேலை கட்டி ஆட விடுறியே என்று பங்காளிகள் சிரித்தபோது, "எம்மகன் ஆடுறான், ஒங்களுக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டவர் அவர். நீ மெட்ராஸ் போகிறேன் என்றதும் நான்தான் அழுது தடுத்தேன். அவர் உன்னை டிவிஎஸ்ஸில் உட்கார வைத்துப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய்விட்டார். திரும்பி வந்து, "கூட்டத்துல நின்னாலும் நம்ம புள்ள தனியாத் தெரிவான்டி" என்றார். அந்த மனிதரைத்தான் நீ முந்திரிக்காட்டில் ஒளிய வைத்திருக்கிறாய்.

விருதுக்கு நான் வருவேன். பொட்டு வைத்துக்கொண்டுதான் வருவேன். தாலியை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு, தலை நிறையப் பூவோடு வருவேன். பக்கத்தில் அப்பாவும் வருவார். இதற்குச் சம்மதமானால் கார் அனுப்பு. இல்லையானால் வேறு யாராவது நடிகையை அம்மாவாகப் போட்டுக்கொள். உங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்?

செவந்தி


சென்னை,
22.2.2025

அம்மா,

எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. கிளிசரின் இல்லாமல் அழுது எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, இன்றைக்கு அழுதேன்.

நீ சொன்னபடியே நடக்கும். பொட்டோடு வா, பூவோடு வா, அப்பாவோடு வா. மேடையில் நானே அவர் கையைப் பிடித்து, 'இவர்தான் எங்க அப்பா பிச்சைமுத்து, நல்லா இருக்கார், நான்தான் பொய் சொன்னேன்' என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். படம் ஓடினால் ஓடட்டும், ஓடாவிட்டால் போகட்டும். பிரவீன்குமாரிடமும் சொல்லிவிட்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அப்பாவிடம் நீயே சொல். எனக்கு அவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

உன்
ஆவுடை


செம்பட்டிக்காடு,
9.3.2025

என் கண்ணான ஆவுடைக்கு,

நீ நூறு வயசு இருக்க வேண்டும். அப்பாவிடம் சொன்னேன். முதலில் "எதுக்குத் தம்பிக்குச் சங்கடம்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நெசமாவே மேடையில சொல்றேன்னானா?" என்று கேட்டார். சாப்பிடும்போது மறுபடியும் கேட்டார்.

இப்போது மனிதரைப் பிடிக்க முடியவில்லை. ஆலங்குடிக்குப் போய்ப் புது வேட்டியும் சட்டையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கண்ணாடி முன்னால் நின்று, "எல்லாருக்கும் வணக்கமுங்க" என்று சொல்லிப் பார்க்கிறார். அரிமளத்திலிருந்து உன் தங்கை சுகுணா வந்திருந்தாள். "என்னங்கப்பா, நீங்களும் நடிக்கப் போறீங்களா?" என்று கேலி பண்ணினாள். "நான் எதுக்குடி நடிக்கணும்? நான் நானாப் போறேன்" என்றார். ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டார்.

நீ திடமாக இரு. அம்மா பக்கத்தில் இருப்பேன்.

ஆசிகளுடன்
அம்மா


செம்பட்டிக்காடு,
27.3.2025

செம்மல் அவர்களுக்கு,

விழா முடிந்ததும் நீங்கள் வேறு வழியாகக் காரில் ஏறிப் போய்விட்டதாகப் பிரவீன்குமார் தம்பி சொன்னார். பார்த்துப் பேச முடியாமல் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன்.

உங்களைக் குறை சொல்லிவிடக் கூடாது என்று நடந்ததை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். மேடைக்கு எங்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் பெரிய திரையில் அந்தப் பழைய காட்சியைப் போட்டார்கள். பேனரில் அவர். என் பக்கத்திலும் அவர். அரங்கமே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தின் முன்னால் உண்மையைச் சொல்வது சுலபம் இல்லைதான். எனக்கு அது புரிகிறது. நாங்கள் ஏறி வந்தோம். "அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு வர்றாரே, இந்தப் பெரியவர் யாரு?" என்று மேடையில் மைக்கோடு நின்ற பெண் உங்களைக் கேட்டாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். என் நெற்றியைப் பார்த்தீர்கள். அவரைப் பார்த்தீர்கள்.

"எங்க பெரியப்பா. அப்பா போனதுக்கப்புறம் எங்களுக்கு எல்லாம் இவர்தான்" என்றீர்கள்.

கைதட்டினார்கள். அந்தப் பெண் மைக்கைக் கொண்டுபோய் அவர் வாய்க்கு நேராக நீட்டினாள். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் பிழைப்பு அந்த மேடையிலேயே முடிந்திருக்கும். அவருக்கும் அது தெரியும். எல்லோருக்கும் வணக்கம் என்றார். பிறகு, "எந்தம்பி நல்ல மனுஷங்க. மகன் மேல உசுரையே வச்சிருந்தான். இதையெல்லாம் பாக்க அவனுக்குக் குடுத்து வைக்கல" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நீங்கள் அவரைக் கட்டிக்கொண்டீர்கள், அதுதான் எல்லா டிவியிலும் வந்தது.

வீட்டுக்கு மூத்தவர் அவர். அவருக்கு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. தன் சாவுக்குத் தானே துக்கம் சொன்ன மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். உங்கள் படங்கள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன், அந்த மாதிரி நடிப்பு உங்களுக்கு வராது.

திரும்பும்போது கீரனூரில் டீ குடிக்க இறங்கினோம். கடைக்காரர் போனில் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, "நீங்க செம்மலோட பெரியப்பாதானே?" என்று கும்பிட்டார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு இவர் டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து புதுச் சட்டையை மடித்து வைத்துக்கொண்டே, "நான் சொன்னது சரியாத்தானே இருந்துச்சு செவந்தி? தம்பிக்கு ஒண்ணும் கெடுதல் வராதுல்ல?" என்று கேட்டார். நான் ஓவென்று அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. இப்போது யார் வந்தாலும் அவர் ஒளிவதில்லை. கேட்டால் பெரியப்பா என்றே சொல்லிக்கொள்கிறார். உங்களுக்கு இனி ஒரு பயமும் வேண்டாம்.

எனக்குத்தான் ஒரு கணக்கு தீர வேண்டியிருக்கிறது. முறை பற்றிய கணக்கு. நான் கழுத்தில் போட்டிருப்பது இவர் கட்டிய தாலி. நெற்றியில் இருப்பது இவருக்கான பொட்டு. ஊர் உலகம் முழுக்கப் பார்க்க இவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவர் உங்களுக்குப் பெரியப்பா என்றால் நான் யார்? இல்லாத ஒரு தம்பியின் பெண்டாட்டியாக இவர் பக்கத்தில் நிற்க என்னால் முடியாது. உங்கள் அம்மாவாக இருக்க வேண்டுமானால் நான் பொட்டை அழிக்க வேண்டும். இவர் இருக்கும்வரை அழிக்க மாட்டேன். ஆகவே உங்கள் அம்மா உங்கள் அப்பாவோடு போய்விட்டாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இவருக்கு ஏதாவது ஆனால் சொல்லி அனுப்புகிறேன். பெரியப்பா சாவுக்கு வருவது போல வந்துவிட்டுப் போகலாம். கொள்ளி வைக்க வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். வெயிலில் அதிகம் நிற்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பெரியம்மா
பி. செவந்தி