ஒரே அடுப்பில் ஆறு மாதம்

மார்ச் 4

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே நானும் பாப்பாவும் நலம். கணக்கெடுப்பு வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆயிற்று. ஏழு வீட்டுக்கு ஒரு வீடு தட்ட வேண்டும். ஏழாவது வீடு பூட்டியிருந்தால், வாய் ஓயாமல் பேசுகிறவள் பக்கத்து வீட்டிலேயே இருந்தாலும் அங்கே நுழையக் கூடாது. இன்னொரு நாள்தான் திரும்பி வர வேண்டும். கால் கடுக்கிறது, ஆனாலும் பிடித்திருக்கிறது.

நேற்று மேற்பார்வையாளர் அம்மா கூப்பிட்டார். "உன் படிவத்துல மட்டும் வீட்டுக்கு ஒரு ஆள் கூடுதலா இருக்கே, எப்படி?" என்றார். ஒரு வருஷத்தில் ஆறு மாதமாவது ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்தான் குடும்ப உறுப்பினர் என்பது விதி. நான் வெளியூரில் வேலை பார்க்கும் புருஷன்களையெல்லாம் சேர்த்துவிட்டேன். "அவரும் இந்த வீடுதாம்மா" என்று சொல்கிறவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி விடுவது? முப்பத்திரண்டு வீட்டுக்கும் மறுபடி போய்த் திருத்தாவிட்டால் வேலை போய்விடும்.

பயிற்சிக்காக நம் வீட்டுக்கும் ஒரு படிவம் நிரப்பியிருந்தேன். அதைத்தான் முதலில் திருத்தி, உங்கள் பெயரை அடித்தேன். போன வருஷம் நீங்கள் இங்கே சாப்பிட்டது நாற்பத்தொரு நாள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அடித்த கையோடு,
உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 11

மகாராணிக்கு,

அடுப்பை வாங்கிப் போட்டவன் நான். அறையில் கூட இருப்பவனிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "உன் வீட்டுல நீ விருந்தாளிடா" என்று சிரிக்கிறான். இரண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் விரல் மடக்கி எண்ணினேன். முப்பத்தொன்பதுதான் வந்தது. நீ தாராளமாகத்தான் போட்டிருக்கிறாய்.

உன் விருந்தாளி

மார்ச் 19

பாப்பாவின் அப்பாவுக்கு,

முப்பத்திரண்டும் முடிந்தது, வேலை தப்பியது. ஒரு அக்கா, "அடிச்சுட்டியா? அவருக்கு நானே பக்குவமா சொல்லிக்கறேன்" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

பாப்பா நம் படிவத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா நம்ம வீடு இல்லையா?" என்றாள். நீங்கள் வெளியூரில் இருப்பது இந்த ஆறு வருஷத்தில் பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். பழகவில்லை.

வீட்டுக்காரி

மார்ச் 26

மகாராணிக்கு,

நம் ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். இங்கே இருந்த பதவி அங்கே கிடையாது. பரவாயில்லை. ஏப்ரல் பத்தாம் தேதி வருகிறேன். ஆறு மாதம் ஆகாதவன், ஆனால் இனிமேல் அங்கேயேதான் சாப்பிடப் போகிறவன் என்றால் சேர்ப்பார்களா? கேட்டு எழுது.

பாப்பாவின் அப்பா

ஏப்ரல் 2

என் அன்பானவருக்கு,

மேற்பார்வையாளர் அம்மாவிடம் கேட்டேன். தங்குவதற்கென்றே வந்தவரை முதல் நாளே சேர்க்கலாமாம். அப்படியானால் இன்றைக்கே எழுதிவிடட்டுமா என்றேன். "ஆள் வந்து வாசல்ல நிக்கட்டும், அப்புறம் எழுது" என்றார்.

இந்த முறை விதியை மீற மாட்டேன். வந்து நில்லுங்கள்.

வீட்டுக்காரி